அதே கிருமி, வேறு நுரையீரல்: முதியோரும் சளிக்காய்ச்சலும் (வாசகர் கேள்வி, டாக்டர் பதில்)

அண்மையில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டிலுள்ள முதியவர்களின் இருமல், சளிக்காய்ச்சல், நிமோனியா பற்றியவை. அவற்றுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சில கேள்விகளைத் தேர்ந்து, இம்மாதப் பக்கங்களை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். முதல் கேள்விக்கான விடை சற்று நீளமானது. மற்ற விடைகளுக்கு அதுவே அடிப்படை என்பதால் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

கேள்வி: பாலர் பள்ளிக்குப் போகும் என் மகன் வழியாக வீட்டில் எல்லாருக்கும் இன்ஃபுளுவென்சா வந்தது. அவனுக்கு மூன்று நாளில் சரியாகிவிட்டது. எனக்கும் கணவருக்கும் ஒரு வாரம் பிடித்தது. ஆனால் 74 வயதான என் மாமியாருக்கு அது நிமோனியாவாக மாறி, மருத்துவமனையில் ஆக்சிஜன் வைக்கும் நிலைக்குப் போய், இப்போதுதான் வீடு திரும்பியிருக்கிறார். அவருக்கு நீரிழிவோ இருதய நோயோ கிடையாது. தித்திவங்சா ஏரிப் பூங்காவில் தினமும் நடப்பவர். அதே கிருமி அவரை மட்டும் ஏன் இப்படிப் படுத்தியது? எதிர்ப்பு சக்தி போய்விட்டதா?
(வாசகி, செந்தூல்)

பதில்: எதிர்ப்பு சக்தி போய்விட்டது என்று சொல்வது சரியாகாது. குறைந்துவிட்டது என்பதும் பாதி உண்மைதான். முதியவரின் நுரையீரல் கிருமியை எதிர்க்கத் தாமதமாகத் தொடங்குகிறது. தொடங்கிய எதிர்ப்பை உரிய நேரத்தில் அடக்கிக்கொள்ளவும் தாமதிக்கிறது. முதல் தாமதத்தில் கிருமி பெருகிவிடுகிறது, இரண்டாவது தாமதத்தில் நம் உடலின் எதிர்ப்பே நுரையீரலைப் புண்ணாக்குகிறது. உங்கள் மாமியாருக்கு நேர்ந்ததை இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரிந்துகொள்ள முடியும்.

முதலில் நுரையீரலின் கட்டமைப்பைப் பார்ப்போம். நுரையீரலின் ஆற்றல் 20 முதல் 25 வயதில் உச்சத்தைத் தொடுகிறது. அதன் பிறகு, புகைபிடிக்காத ஆரோக்கியமானவர்களுக்கும்கூட, ஒரு வினாடியில் பலமாக ஊதி வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 25 முதல் 30 மில்லிலிட்டர் வீதம் குறைந்துகொண்டே வருகிறது. பல ஆண்டுகள் இழுபட்டுத் தளர்ந்த ரப்பர் வளையத்தைப்போல, நுரையீரல் திசு விரிந்தபின் பழைய நிலைக்குத் திரும்பும் தன்மையை இழக்கிறது. மறுபக்கம், விலா எலும்புகளை இணைக்கும் குருத்தெலும்பு இறுகுவதால் மார்புக்கூடு விறைத்துப்போகிறது. மூச்சை இழுக்கும் தசைகளும் மெலிகின்றன. காற்று நுண்ணறைகள் அகன்று, அவற்றின் மொத்தப் பரப்பு சுருங்குகிறது. அன்றாட வாழ்க்கையில் இவை எதுவும் தெரிவதில்லை, ஏனென்றால் நமக்குத் தேவையானதைவிட அதிகமான நுரையீரலுடன்தான் நாம் பிறக்கிறோம். அந்த உபரி கரைந்துபோயிருக்கிறது என்பது நோய் வரும் நாளில்தான் வெளிப்படும்.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் கிருமியும் தூசியும் ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. வயதானால் இந்த ஓட்டம் மெதுவாகிறது, இருமலின் வேகமும் குறைகிறது. ஆகவே இளைஞரிடம் தொண்டையோடு நின்றுவிடும் கிருமிக்கு முதியவரிடம் கீழே இறங்க அதிக அவகாசம் கிடைக்கிறது.

இனி முதல் தாமதத்துக்கு வருவோம். ஒரு வைரஸ் செல்லுக்குள் நுழைந்ததும், அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து, சுற்றியுள்ள செல்களை வைரஸ் பெருக முடியாத நிலைக்குத் தயார்ப்படுத்துகிறது. 1957-இல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மன் ஆகிய இருவர் இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்தபோது, அவர்களுடைய சோதனையில் பயன்பட்டதும் இன்ஃபுளுவென்சா கிருமிதான். வைரஸ் நோயின் முதல் ஓரிரு நாள்களின் போக்கை இன்டர்ஃபெரானே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. கோவிட் காலத்தில் நடந்த ஆய்வுகளில், குழந்தைகளின் மூக்குச் செல்கள் இந்த எச்சரிக்கையை விடுக்க முன்கூட்டியே ஆயத்தமாக இருப்பது தெரியவந்தது. உங்கள் மகன் மூன்று நாளில் எழுந்து விளையாடியதற்கும் இத்தகைய ஆயத்தம் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதியவர்களிடம் நிலைமை வேறு. 2017-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 65 வயதைக் கடந்த ஆரோக்கியமானவர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த வெள்ளணுக்களில் இன்ஃபுளுவென்சா கிருமியைத் தொற்றச் செய்து பார்த்தார்கள். இளையவர்களின் அணுக்களோடு ஒப்பிட்டபோது, அவற்றில் இன்டர்ஃபெரான் சுரப்பு குறைந்திருந்தது. ஆனால் வீக்கத்தையும் சூட்டையும் உண்டாக்கும் அழற்சிப் புரதங்களின் சுரப்பு குறையவில்லை. கிருமியை அடக்கும் பகுதி தளர்ந்திருக்கிறது, திசுவை நோகடிக்கும் பகுதி அப்படியே இருக்கிறது. முதுமையில் நுரையீரல் படும் பாட்டை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் ஆய்வு வேறு உண்டா என்று தெரியவில்லை. இதற்கு மேல், 70 வயதைக் கடந்தவர்களில் சுமார் 4 சதவீதத்தினரின் இரத்தத்தில், தம் சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருப்பதும், கோவிட் நோயால் இறந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் அவை காணப்பட்டதும் 2021-இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் தெரியவந்தது.

அடுத்த கட்டத்திலும் காலம் வீணாகிறது. நுரையீரலில் கிருமியின் துணுக்கை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் சென்று, டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்களிடம் காட்டும் வேலையைச் செய்ய ஒரு தனி அணு வகை உண்டு. அயோவா பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், வயதான எலிகளின் நுரையீரலில் புரோஸ்டாகிளாண்டின் டி2 என்ற பொருள் மிகுதியாக இருப்பதும், அது இந்த அணுக்கள் புறப்பட்டுச் செல்வதைத் தடுப்பதும், அந்தப் பொருளைத் தடைசெய்தபோது எலிகள் பிழைத்துக்கொள்ளும் வாய்ப்பு கூடியதும் நிரூபணமாயின. செய்தி போய்ச் சேர்ந்தாலும் அதைப் பெற்றுக்கொள்ளப் புதிய டி செல்கள் போதிய அளவில் இருப்பதில்லை. அவற்றை வளர்த்தெடுக்கும் தைமஸ் சுரப்பி இளம் வயதிலிருந்தே சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாகவே மாறிவிடுகிறது.

இரண்டாவது தாமதத்தைப் பற்றிக் குடும்பத்தினர் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வயதானவர்களின் உடலில், நோய் எதுவும் இல்லாத நாளிலும், மெல்லிய அழற்சி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தாலிய ஆய்வாளர் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-இல் இதற்குத் தனிப்பெயரே சூட்டினார். ஏற்கெனவே அழற்சி உள்ள நுரையீரலில் வைரஸ் பெருகி, தாமதமாக வந்து சேரும் வெள்ளணுக்கள் கூட்டமாக நுழையும்போது, நுண்ணறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. வேலை முடிந்து மடிந்த அணுக்களை விழுங்கி அப்புறப்படுத்த வேண்டிய பெருவிழுங்கி அணுக்கள் வயதான நுரையீரலில் மந்தமாகிவிடுவதால், குப்பை தேங்கி, அழற்சி அணையாமல் நீடிக்கிறது. புண்ணான நுண்ணறையின் சுவரைப் புதுப்பிக்கும் செல்களும் முன்போல் விரைந்து பெருகுவதில்லை. இந்த நிலையில் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியா ஒன்று தொற்றிக்கொண்டால், வைரஸ் பாதி நடத்திய காரியத்தை அது முடித்துவைக்கும். உங்கள் மாமியாரின் நிமோனியா எந்த வகை என்பதை அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. அடுத்துப் போட வேண்டிய தடுப்பூசிகளைப் பற்றி முடிவெடுக்க அது உதவும்.

அவருடைய தினசரி நடை வீணாகிவிட்டதாக எண்ண வேண்டாம். தசையும் இருதயமும் வலுவாக இருந்ததால்தான் அவர் ஆக்சிஜனோடு தாக்குப்பிடித்து வீடு திரும்பினார் என்றே நான் கருதுகிறேன். பேரன்தான் கிருமியைக் கொண்டுவந்தான் என்ற பேச்சையும் வீட்டில் வளர விடாதீர்கள். அவனுக்கு மூக்கொழுகும் நாள்களில் மட்டும் பாட்டியோடு ஒரே படுக்கையில் தூங்க வைக்காமலும், ஒரே தட்டில் ஊட்டாமலும் பார்த்துக்கொண்டால் போதுமானது.

கேள்வி: என் தந்தைக்கு வயது 81. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சல் இல்லை, இருமலும் மிகக் குறைவு. திடீரென்று என்னைப் பார்த்து, இறந்துபோன என் சித்தப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். அன்றிரவே குளியலறையில் விழுந்தார். அடிபட்டிருக்குமோ என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், நிமோனியா என்றார்கள். காய்ச்சலே இல்லாமல் நிமோனியா வருமா? வீட்டிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: வரும். முதியவர்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வருவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் "காய்ச்சல் இல்லையே" என்ற நிம்மதிதான். கடுமையான தொற்று உள்ள முதியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் காய்ச்சல் தெளிவாகத் தெரிவதில்லை. அவர்களுடைய வழக்கமான உடல் வெப்பமே சற்றுக் குறைவு என்பதாலும், கிருமிக்கு எதிராக வெப்பத்தை ஏற்றும் உடலின் ஆற்றல் மங்கிவிடுவதாலும், 38 பாகையைத் தாண்டினால்தான் காய்ச்சல் என்ற கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. முதியோர் இல்லங்களுக்கான மருத்துவ வழிகாட்டிகள் வாயில் வைத்து அளக்கும்போது 37.8 பாகையைத் தாண்டுவதையோ, திரும்பத் திரும்ப 37.2-க்கு மேல் இருப்பதையோ, அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 பாகைக்கு மேல் உயர்வதையோ காய்ச்சலாகக் கொள்கின்றன. எனவே தந்தை நலமாக இருக்கும் நாள்களிலேயே சில முறை அளந்து, அந்த எண்ணை நாள்காட்டியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் மாற்றி அழைத்ததும், சாப்பாட்டைத் தள்ளியதும், விழுந்ததும் தனித்தனி நிகழ்ச்சிகள் அல்ல. மூன்றும் நுரையீரல் தொற்றின் அறிகுறிகளாக இருக்கக்கூடியவை. எண்பது வயதைக் கடந்தவரிடம் ஓரிரு நாளில் திடீரென்று ஏற்படும் மனக்குழப்பத்தை "வயசாயிடுச்சு" என்று ஒதுக்கிவிடக் கூடாது. மருத்துவமனைகளில் நிமோனியாவின் கடுமையை மதிப்பிடப் பயன்படும் ஐந்து குறிகளில் மனக்குழப்பமும் ஒன்று.

வீட்டில் செய்யக்கூடிய மிக எளிய பரிசோதனை மூச்சை எண்ணுவது. அதைப் பலரும் தவறாகச் செய்கிறார்கள். "மூச்சை எண்ணப் போகிறேன்" என்று சொன்னால் அவர் தம்மையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். அவரைச் சாய்ந்து உட்காரச் செய்து, நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, மார்போ வயிறோ எழுந்து தாழ்வதை முழுமையாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறும். நிமிடத்துக்கு 25-ஐத் தொட்டால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். 30-ஐத் தொட்டால் 999-ஐ அழைக்க வேண்டும்.

கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கும். விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் அது தவறான எண்ணைக் காட்டும். ஆகவே கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைபெறும்வரை காத்திருந்து பார்க்க வேண்டும். நாள்பட்ட நுரையீரல் நோய் இல்லாத ஒருவருக்கு 94-ம் அதற்குக் கீழும் காட்டினால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாம் மனத்தில் வைக்க வேண்டிய எச்சரிக்கை இன்னொன்று உண்டு. 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்றில், உண்மையான ஆக்சிஜன் குறைவை இக்கருவி தவறவிடுவது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. கருநிறத் தோலில் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது நம்மில் பலருக்கும் பொருந்தும். ஆகையால் 95 என்று காட்டுகிறது என்பதற்காக, மூச்சு வாங்குபவரை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

அதேபோல, மூச்சுத் திணறல் இருந்தால் அவரே சொல்வார் என்றும் நம்பியிருக்க முடியாது. ஆக்சிஜன் குறையும்போது மூச்சை வேகப்படுத்தச் சொல்லும் மூளையின் தூண்டுதல் முதுமையில் ஏறத்தாழ பாதியாகக் குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் வெகுவாகக் குறைந்த நிலையிலும் "எனக்கு ஒன்றுமில்லை" என்று அமைதியாகப் படுத்திருக்கும் முதியவர்கள் உண்டு. இந்த நாள்களில் தூக்க மாத்திரையோ, தூக்கம் வரவழைக்கும் இருமல் மருந்தோ கொடுப்பது இருக்கும் அபாயத்தைப் பெருக்கும்.

கேள்வி: எனக்கு 68 வயது. ஆண்டுதோறும் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்கிறேன். வயதானவர்களுக்கு எதிர்ப்பு சக்தியே குறைவு, தடுப்பூசி எப்படி வேலை செய்யும் என்று நண்பர் கேட்கிறார். பதில் சொல்ல முடியவில்லை.
(வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்)

பதில்: உங்கள் நண்பரின் தர்க்கத்தில் ஓர் உண்மை இருக்கிறது. 30 வயதுக்காரருக்குக் கிடைக்கும் அளவு எதிர்ப்பொருள் உங்களுக்குக் கிடைக்காது. ஆனால் அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவு தலைகீழானது. உடலின் முதல் கட்ட எதிர்ப்பு தாமதமாகும் ஒருவருக்குத்தான், கிருமி நுழையும் முன்பே தயாராக நிற்கும் எதிர்ப்பொருள் அதிகம் தேவைப்படுகிறது. தடுப்பூசி போட்டும் சளிக்காய்ச்சல் வரலாம். அது நிமோனியாவாகவும் வார்டு வாசமாகவும் மாறும் வாய்ப்பு குறைகிறது என்பதே நாம் எதிர்பார்க்க வேண்டிய பயன்.

முதியவர்களின் பலவீனத்தைக் கணக்கில் கொண்டே, வழக்கமான அளவைவிட நான்கு மடங்கு மருந்துப்பொருள் கொண்ட சளிக்காய்ச்சல் தடுப்பூசி உருவாக்கப்பட்டது. 65 வயதைக் கடந்தவர்களிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான பெரிய சோதனையில், அது வழக்கமான ஊசியைவிடச் சுமார் 24 சதவீதம் கூடுதலாகச் சளிக்காய்ச்சலைத் தடுத்தது. உங்கள் கிளினிக்கில் அது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள், கிடைக்காவிட்டால் வழக்கமான ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஆர்.எஸ்.வி. என்ற கிருமி குழந்தைகளுக்கு மட்டும் வருவது என்று பலர் எண்ணுகிறார்கள். அது முதியவர்களின் நுரையீரலையும் கடுமையாகத் தாக்கும். 60 வயதைக் கடந்தவர்களுக்கான முதல் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி 2023 மே மாதத்தில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையும், நிமோகாக்கஸ் தடுப்பூசியையும், கோவிட் கூடுதல் ஊசியையும் பற்றி உங்கள் மருத்துவரிடம் ஒரே அமர்வில் பேசிவிடலாம். மூத்த குடிமக்களுக்கு இலவசமாகக் கிடைப்பவை எவை என்பதை வீட்டருகிலுள்ள அரசாங்க சுகாதார கிளினிக்கில் விசாரியுங்கள்.

நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால், சளிக்காய்ச்சல் கிருமி ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஆகவே பருவம் பார்த்துக் காத்திருக்காமல், உம்ராவோ காசியோ ராமேஸ்வரமோ போகும் திட்டம் இருந்தால், குறைந்தது இரண்டு வாரம் முன்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். எதிர்ப்பொருள் உருவாக அவ்வளவு காலம் பிடிக்கும்.

நண்பரிடம் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வின்படி, பரிசோதனையில் உறுதியான இன்ஃபுளுவென்சா வந்த முதல் ஏழு நாள்களில் மாரடைப்பு ஏற்படும் வாய்ப்பு மற்ற நாள்களைவிட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. நுரையீரலில் எழும் அழற்சி இரத்தம் வழியாக இருதயத்தின் நாளங்களையும் எட்டுகிறது. இருதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் சளிக்காய்ச்சல் ஊசியை வேண்டாம் என்று ஒதுக்குவதைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: 2003-இல் வந்த சார்ஸ் நோயும் கோவிட்டும் முதியவர்களையே அதிகம் பலிகொண்டன. ஆனால் 2009-இல் எச்1என்1 வந்தபோது இளையவர்களும் நிறையப் பாதிக்கப்பட்டதாக நினைவு. நுரையீரல் முதிர்வதுதான் காரணம் என்றால் இது எப்படி?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆயர் ஈத்தாம்)

பதில்: நல்ல கேள்வி. உங்கள் நினைவு சரியானது. சார்ஸ் நோயில் 24 வயதுக்குட்பட்டவர்களின் இறப்பு விகிதம் 1 சதவீதத்துக்கும் குறைவு என்றும், 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் அது 50 சதவீதத்தைத் தாண்டியது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2003-இல் மதிப்பிட்டது. சார்ஸ், கோவிட் இரண்டும் மனித இனம் அதுவரை சந்திக்காத கிருமிகள். பழைய நினைவு எதுவும் உதவாத நிலையில், புதிதாகக் கற்றுக்கொண்டு எதிர்க்கும் ஆற்றல் மட்டுமே கணக்கில் வந்தது. முதுமையில் முதலில் தளர்வது அந்த ஆற்றல்தான்.

2009-இல் வந்த கிருமியோ பழைய எச்1என்1 குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் கிருமிகள் 1918 முதல் 1957 வரை உலகெங்கும் சுற்றிக்கொண்டிருந்தன. 1957-க்கு முன் பிறந்தவர்கள் சிறு வயதில் எதிர்கொண்ட முதல் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் அதுவாகவே இருந்திருக்கும். சிறு வயதில் பதிந்த அந்த நினைவு அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அழியவில்லை. அமெரிக்காவில் அப்போது எடுத்த இரத்த மாதிரிகளில், 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் புதிய கிருமியையும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள் இருந்தது. நுரையீரலின் முதிர்ச்சி அவர்களிடமும் இருக்கத்தான் செய்தது, தொற்றிக்கொண்ட முதியவர்கள் கடுமையாகவே நோயுற்றார்கள். ஆனால் தொற்றிக்கொண்டவர்கள் குறைவு. ஒருவருடைய வயதோடு அவர் பிறந்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இது தெளிவான சான்று.

கேள்வி: வீட்டில் யாருக்குச் சளி பிடித்தாலும் ஆவி பிடிக்கிறோம், சாம்பிராணி போடுகிறோம். என் அத்தை, ஆஸ்துமாவுக்குத் தந்து மீதமிருந்த மாத்திரைகளையும் பழைய ஆன்டிபயோட்டிக்கையும் பாட்டிக்குக் கொடுக்கச் சொல்கிறார். சரியா?
(வாசகி, கெப்போங்)

பதில்: இஞ்சித் தண்ணீர், மிளகு ரசம், தூதுவளை போன்றவற்றை மாத்திரைகளுக்கு மாற்றாக நினைக்காமல் கொடுங்கள். தொண்டைக்கு இதமாக இருக்கும், நீரும் உள்ளே போகும். ஆவி பிடிப்பதைப் பாட்டிக்குத் தவிர்த்துவிடலாம். நடுங்கும் கையருகே கொதிநீர்ப் பாத்திரம் வைப்பது ஆபத்து, கிருமியும் அதனால் சாவதில்லை. சாம்பிராணிப் புகை நுண்மயிர்களின் வேலையைக் கெடுக்கும். நோயாளி இருக்கும் அறையில் அது வேண்டவே வேண்டாம். புகைமூட்ட நாள்களில் சன்னலைச் சாத்திவைத்து அறைக்குள்ளேயே புகை போடுவது இன்னும் மோசம்.

மாத்திரைகளைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். ஆன்டிபயோட்டிக் வைரஸைக் கொல்லாது. ஆஸ்துமாவுக்குத் தரப்பட்டு மீதமிருக்கும் மாத்திரை பெரும்பாலும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கும். பிரிட்டனில் 2020-இல் நடந்த ரிக்கவரி சோதனையில், அதே வகையைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோன் செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் கிட்டவில்லை. அழற்சி மிஞ்சிய கட்டத்தில் காப்பாற்றும் மருந்து, கிருமி பெருகிக்கொண்டிருக்கும் தொடக்க நாள்களில், ஏற்கெனவே மந்தமாக உள்ள எதிர்ப்பை மேலும் அமுக்கிவிடக்கூடும். (மருத்துவர் எழுதிக்கொடுத்துத் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது.)

தொடக்க நாள்களில் உண்மையில் உதவக்கூடியது வைரஸுக்கு எதிரான மருந்துதான். இன்ஃபுளுவென்சாவுக்கான ஓசல்டமிவிரை அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள்ளும், கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிட்டை ஐந்து நாளுக்குள்ளும் தொடங்க வேண்டும். பாக்ஸ்லோவிட் சில கொழுப்பு மாத்திரைகளோடும் இரத்த அழுத்த மாத்திரைகளோடும் ஒத்துப்போகாது. பாட்டி சாப்பிடும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, அறிகுறி தொடங்கிய முதல் நாளோ மறுநாளோ கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: 77 வயதான என் அம்மா, ஆர்.எஸ்.வி. நிமோனியா வந்து மருத்துவமனையிலிருந்து திரும்பி இரண்டு மாதமாகிறது. எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்றார்கள். ஆனாலும் சமையலறைவரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அக்கா அவரை எழவே விடுவதில்லை. ஓய்வு எடுத்தால் தானே தேறும்?
(வாசகர், பிறை)

பதில்: உங்கள் அக்காவின் அக்கறை புரிகிறது, ஆனால் படுக்கை இப்போது உங்கள் அம்மாவுக்கு எதிராக வேலை செய்கிறது. மல்லாந்து படுத்திருக்கும்போது நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. சளி அங்கேயே தேங்குகிறது. படுத்த படுக்கையாக இருக்கும் முதியவர்களின் கால் தசைகள் சில நாள்களிலேயே கண்ணுக்குத் தெரியும்படி மெலிகின்றன. தசை மெலிந்தவருக்குச் சிறிய வேலைக்கும் அதிக ஆக்சிஜன் தேவைப்படும். ஆகவே இப்போது வாங்கும் மூச்சில் ஒரு பகுதி கால்களால் வருவது.

மற்றொரு பகுதி நுரையீரலிலிருந்தே வருகிறது. முன்பு சொன்ன இரண்டாவது தாமதம் இதுதான். வயதான எலிகளில் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், இன்ஃபுளுவென்சா குணமான பின்பும் டி செல்கள் நுரையீரலிலேயே பெருமளவில் தங்கி, பாதுகாப்பு தருவதற்குப் பதிலாக அழற்சியையும் தழும்பையும் நீடிக்கச் செய்வது தெரிந்தது. மனிதர்களிடமும் முழுமையாகத் தேற மாதங்கள் ஆகலாம். எனினும் இரண்டு மாதம் கழித்தும் இவ்வளவு மூச்சு வாங்குவதால், இருதயத்தையும் இரத்தச்சோகையையும் நுரையீரல் தழும்பையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லுங்கள். கால் வீங்கியிருந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ காத்திருக்க வேண்டாம்.

பரிசோதனையில் புதிதாக ஒன்றும் இல்லையென்றால், மருத்துவமனையின் உடற்பயிற்சிச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை, மூன்று வேளை உணவையும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிடட்டும். சுவரோரமாக ஒரு நாற்காலியை வைத்து, நீங்கள் அருகில் நிற்க, எழுந்து உட்காரும் பயிற்சியைச் சில தடவை செய்யட்டும். பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் நிறுத்தி, அமைதியானதும் தொடரலாம். முட்டை, மீன், பருப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். கஞ்சியை மட்டும் குடித்துத் தசை வளராது.

வாயையும் கவனியுங்கள். முதியவர்களுக்கு விழுங்கும் திறன் தளர்வதால், தூக்கத்தில் எச்சில் சிறிது சிறிதாக மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. அதில் உள்ள பாக்டீரியா அடுத்த நிமோனியாவுக்கு வித்தாகலாம். ஜப்பானில் 85 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த ஆய்வில், பொய்ப்பற்களைக் கழற்றாமல் தூங்குபவர்களுக்கு நிமோனியா வரும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேலாக இருந்தது. அம்மாவுக்குப் பொய்ப்பல் இருந்தால் இரவில் கழற்றி, துலக்கி, சுத்தமான தண்ணீரில் போட்டு வையுங்கள். ஈறையும் நாக்கையும் மென்மையான பிரஷால் துடைத்துவிட்டு, தலைப்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி படுக்க வையுங்கள்.